ரூபாயில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பாலக்கோட்டில் வசிக்கிறேன். மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் நானும் மனைவியும் முதன்முறையாக விமானம் ஏறுகிறோம். மூன்று மாதம் அங்கே தங்கல். நடுவில் பத்து நாள் சுவிட்சர்லாந்தும் பாரிசும் பார்க்கத் திட்டம். "பணமே வேண்டாம், கார்டு போதும்" என்கிறார் மாப்பிள்ளை. "கார்டை நம்பாதே, எல்லாவற்றையும் டாலராக வாங்கிக்கொள், பெங்களூரில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்கிறார் என் அண்ணன். என்னிடம் ஓய்வூதியக் கணக்கின் ரூபே டெபிட் கார்டும், வைப்புத்தொகையை ஈடாக வைத்து வங்கி கொடுத்த விசா கிரெடிட் கார்டும் இருக்கின்றன. இரண்டாவதன் வரம்பு ஒன்றரை லட்சம். போன வருடம் ஐரோப்பா போய் வந்த எங்கள் தெருக்காரர், கார்டில் நினைத்ததைவிட நிறையப் பிடித்துவிட்டார்கள் என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார். மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதே என் கவலை. எதை எடுத்துப் போவது?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் மாப்பிள்ளை சொல்வது அரைப் பங்கு சரி. அண்ணன் சொல்வது கால் பங்கு சரி. மீதிக் கால் உங்கள் தெருக்காரரின் புலம்பலுக்குள் இருக்கிறது. அதையே முதலில் பிரித்துப் பார்ப்போம். விட்டால் உங்களையும் அது பிடிக்கும்.

அவருக்கு என்ன நடந்திருக்கும் என்பதை ரசீதைப் பார்க்காமலே ஓரளவு ஊகிக்க முடிகிறது. கடையில் கார்டைச் செருகியதும் இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகைகள் வந்திருக்கும்: ஒன்று யூரோவில், இன்னொன்று ரூபாயில். எதில் கட்டுகிறீர்கள் என்று அது கேட்டிருக்கும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், புரியாத மொழிக்கு நடுவே, நம் ரூபாயின் பெயரைத் திரையில் பார்த்தால் யாருக்கும் மனம் குளிரும். அவரும் ரூபாயைத் தொட்டிருப்பார்.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். யூரோவை ரூபாயாக மாற்றும் வேலையை நம் வங்கியின் கையிலிருந்து பிடுங்கி, அந்தக் கடையின் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தானே செய்துகொள்கிறது. விகிதத்தை வைப்பதும் அதுதான். கிடைக்கும் லாபத்தில் பெரும்பாலும் கடைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. போச்சம்பள்ளிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் "உங்களுக்காகத்தான் பேசுகிறேன்" என்று தோளில் கை போடும் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். அவராவது துண்டுக்கடியில் விரலைப் பிடிக்கும்போது நாமும் பதிலுக்கு விரலை அழுத்தலாம். இயந்திரத்திடம் பேரம் கிடையாது.

தலைமையாசிரியருக்குக் கணக்குப் போடாமல் சொன்னால் நிறைவு வராது. எளிமைக்காக ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு யூரோவுக்குப் பொருள் வாங்குகிறீர்கள். யூரோவிலேயே கட்டினால் விசா நிறுவனத்தின் விகிதப்படி 10,000 ரூபாய். அதன்மேல் உங்கள் வங்கி அந்நியச் செலாவணி மார்க்அப் என்று ஒரு கூடுதல் கட்டணத்தைப் பிடிக்கும். பல சாதாரணக் கார்டுகளுக்கு அது 3.5 விழுக்காடு, அதாவது 350 ரூபாய். அந்த 350-க்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 63 ரூபாய். ஆக மொத்தம் 10,413. இதுவும் குறைவில்லைதான், ஆனால் தெரிந்து கொடுப்பது.

ரூபாயைத் தொட்டால் என்ன ஆகும்? கடையின் இயந்திரம் தன் விகிதத்தில் ஆறு விழுக்காடு ஏற்றி வைத்திருந்தால் அங்கேயே 10,600 ஆகிவிடுகிறது. போதாததற்கு, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கு என்றே நம் வங்கிகள் பலவும் ஒரு விழுக்காடு அளவில் தனிக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் வாங்குகின்றன. 106 ரூபாயும் 19 ரூபாயும் சேர்ந்தால் 10,725. ஒரே ஒரு பொருளில் 312 ரூபாய் வித்தியாசம். மூன்று மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் தெருக்காரரின் புலம்பலில் நியாயம் இருப்பது தெரியும்.

ஆகவே, எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தையே தொடுங்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் யூரோ, சுவிட்சர்லாந்தில் பிராங்க். சில இடங்களில் பணியாளரே உங்களுக்கு உதவுவதாக எண்ணி ரூபாயை அழுத்திவிடுவார். ரசீதில் இந்திய ரூபாயைக் குறிக்கும் ஐஎன்ஆர் (INR) என்ற மூன்றெழுத்தைப் பார்த்தால் அங்கேயே நின்று, அதை ரத்து செய்துவிட்டு யூரோவில் மறுபடி போடச் சொல்லுங்கள். தேர்வு கார்டுக்காரருடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியிலும் இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. கடையை விட்டு வெளியே வந்துவிட்டால் பிறகு நம் வங்கியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஏடிஎம்மில் இந்தப் பொறி வேறு வேடத்தில் வரும். "அக்செப்ட் கன்வர்ஷன்", "டிக்ளைன் கன்வர்ஷன்" என்று இரண்டு பொத்தான்கள். டிக்ளைன் என்றால் பணமே வராது என்று பயந்து நம்மவர்கள் அக்செப்டை அழுத்துகிறார்கள். டிக்ளைன் என்பது அவர்களுடைய மாற்று விகிதம் வேண்டாம் என்பது மட்டுமே, பணம் வரும். சுற்றுலாத் தெருக்களில் எந்த வங்கியின் பெயரும் இல்லாமல் பளபளவென்று நிற்கும் ஏடிஎம்களைத் தாண்டிப் போய், வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்த ஏடிஎம்மைத் தேடுங்கள்.

இவ்வளவு சொல்கிற நான் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஏற்றுமதிக்காரர்களின் டாலர் கணக்கைப் பார்த்தே என் வங்கி வாழ்க்கையில் பாதி கழிந்தது. அப்படியிருந்தும் ஐரோப்பாவில் ஒரு ரயில் நிலையத்தில், வண்டி புறப்பட நான்கு நிமிடம் இருக்கும்போது, டிக்கெட் இயந்திரம் கேட்ட கேள்விக்கு நானே ரூபாயை அழுத்தினேன். பெட்டியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் உறைத்தது. மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

இனி உங்கள் மாப்பிள்ளையின் அரைப் பங்குக்கு வருகிறேன். அவர் ஜெர்மனியில் இருப்பவர். கையில் அந்த ஊர் வங்கியின் கார்டு இருக்கும். ஜிரோகார்டு என்பது அதன் பெயர். கடைக்காரர்கள் பழைய பழக்கத்தில் ஈசி கார்டு என்பார்கள். அது செல்லும் கடைகள் எல்லாவற்றிலும் உங்கள் விசா செல்லும் என்று அர்த்தமில்லை. வாசலில் கார்டு படம் ஒட்டியிருக்கும், உள்ளே போனால் ஈசி மட்டும் என்பார்கள். ஆல்டி, லிடில் மாதிரிப் பெரிய கடைகளில் உங்கள் கார்டைத் தட்டினால் வேலை முடிந்தது. சிக்கல் வருவது தெருமுனை ரொட்டிக் கடையிலும், வாரச் சந்தையிலும், சின்ன உணவகத்திலும்தான். பாலக்கோட்டில் தக்காளி விற்கும் அம்மா கியூஆர் அட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். காரும் இயந்திரமும் செய்து உலகுக்கு விற்கும் நாட்டில் ரொட்டிக் கடைக்காரர் "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்நாட்டு மத்திய வங்கியான புண்டஸ்பேங்க் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பிலும் கடைப் பரிவர்த்தனைகளில் 51 விழுக்காடு ரொக்கத்தில்தான் நடந்திருக்கிறது. நமக்குப் பழமையாகத் தெரிவதை அவர்கள் தனிமனித அந்தரங்கம் என்கிறார்கள். யார் எங்கே என்ன வாங்கினார் என்பது ஏன் ஒரு நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்ற அவர்களின் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

எனவே இருவருக்குமாக முந்நூறிலிருந்து நானூறு யூரோ வரை இங்கிருந்தே ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். ஐந்தும் பத்தும் இருபதுமாகக் கேளுங்கள். பெரிய நோட்டை நீட்டினால் சின்னக் கடைகளில் முகம் சுளிப்பார்கள். போனதும் கொஞ்சம் சில்லறை சேர்த்துக்கொள்வது அவசியம். நம் வயதுக்காரர்களுக்குக் குளிர் நாட்டில் கழிப்பறை ஒரு பெரிய விஷயம். ரயில் நிலையங்களிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் அதற்குக் காசு உண்டு, ஒரு யூரோ அளவில். பல பெரிய கடைகளில் தள்ளுவண்டியை விடுவிக்கவும் ஒரு நாணயத்தைச் செருக வேண்டும். வண்டியைத் திரும்ப மாட்டினால் நாணயம் திரும்ப வரும். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்குவார்கள். காலி பாட்டிலை எறியாமல் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டுச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் மகள் சொல்லித் தருவாள் என்றாலும், பாரமாக இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே.

அண்ணனின் யோசனையில் எனக்குப் பிடித்தது, ஒரே கார்டை நம்பாதே என்ற எச்சரிக்கை மட்டும். டாலர் வேண்டாம். ஸ்டுட்கார்ட் ரொட்டிக் கடையில் டாலரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ரூபாய் டாலராகி, டாலர் யூரோவாகி, இரண்டு இடத்தில் கழிவு போகும். ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாக வாங்க அனுமதி 3,000 டாலர் மதிப்பு வரைதான். மீதியைக் கார்டில்தான் கொண்டுபோக வேண்டும். பெங்களூரில் "தெரிந்த ஆள்" கதையை அண்ணன் மனம் நோகாமல் தட்டிக் கழித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்திலோ வங்கியிலோ, கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு, பான் அட்டை காட்டி வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 50,000 ரூபாய் வரைதான் ரொக்கம் கொடுத்து வாங்கலாம், அதற்கு மேல் கணக்கிலிருந்துதான். விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் விகிதம் கசக்கும்.

கார்டு விஷயத்தில் என் யோசனை: ரூபே டெபிட் கார்டைப் பீரோவில் வைத்துவிடுங்கள். ரூபே குளோபல் என்று வகைப்படுத்திய கார்டுகள் வெளிநாட்டில் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் இயந்திரங்களில் செல்லும். ஜெர்மன் கடைத்தெருவில் அந்த அடையாளத்தை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். யுபிஐயை நம்பியும் போக வேண்டாம். பாரிஸ் ஈபிள் கோபுரத்தில் 2024 பிப்ரவரி முதல் யுபிஐ செல்லும் என்பது உண்மை. பூடான், சிங்கப்பூர், இலங்கை, மொரிஷியஸ் என்று பட்டியலும் வளர்ந்திருக்கிறது. ஆனால் கோபுரத்திலிருந்து இறங்கி எதிரே காபி குடிக்கப் போனால் அங்கே விசாதான்.

விசா கிரெடிட் கார்டு உங்கள் பெயரில் இருக்கிறது. இன்னொன்றாக, முன்கூட்டியே பணம் கட்டி யூரோ ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டை உங்கள் மனைவியின் பெயரில் வாங்குங்கள். ஏற்றும் நாளின் விகிதம் அப்போதே உறுதியாகிவிடும். யூரோ நாட்டில் யூரோவில் செலவழித்தால் மார்க்அப் கிடையாது. ரொக்கம் தேவைப்பட்டால் ஏடிஎம்முக்கு இந்தக் கார்டுதான் போக வேண்டும். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகவே செருகாதீர்கள்: எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதுவும் பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்று விழுக்காடு அளவில், தனியாக எடுப்புக் கட்டணம், மேலே மார்க்அப். கந்துவட்டிக்காரரே வெட்கப்படுவார். சுவிட்சர்லாந்தில் யூரோ கார்டைத் தட்டினால் பிராங்குக்கு மாற்ற இன்னொரு கட்டணம் வரும் என்பதால், அந்தச் சில நாட்களுக்கு விசாவையே பயன்படுத்துங்கள். அங்கே கார்டு செல்லாத இடம் குறைவு. சுற்றுலா இடங்களில் யூரோ நோட்டை வாங்கிக்கொள்வார்கள், மீதியைப் பிராங்கில் கொடுப்பார்கள். அந்த மீதி பிறகு எதற்கும் உதவாது.

இருபது விழுக்காடு வரி பிடிப்பார்களாமே என்று அடுத்த கடிதம் வருமுன் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லும் பணம் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. 2025 ஏப்ரல் முதல் எல்லை அது. ஃபாரெக்ஸ் கார்டு அந்தக் கணக்கில் வரும். வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செலவழிப்பதை அதில் சேர்க்க 2023-இல் முனைந்து, பிறகு அரசே தள்ளி வைத்துவிட்டது. உங்கள் செலவு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றில் மிக முக்கியமானது, கார்டைத் திறந்து வைப்பது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, புதிதாக வழங்கும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கியின் செயலியில் இயக்க வேண்டும். அதிலும் கடைக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, தட்டிக் கட்டுவதற்கு ஒன்று, ஏடிஎம்முக்கு ஒன்று என்று தனித்தனி விசைகள் இருக்கும். ஒன்றைத் திறந்து மற்றதை மறந்தவர்கள்தான் பெரும்பாலும் அங்கே போய், கார்டு கெட்டுவிட்டது என்று போன் செய்கிறார்கள். விசாவில் ஏடிஎம் தவிர மற்றவற்றைத் திறங்கள். திரும்பி வந்ததும் மூடிவிடுங்கள். ஏனென்றால் வெளிநாட்டு இணையக் கடைகள் பலவும் ஓடிபி கேட்பதில்லை. கார்டு எண் கசிந்தால் அந்த வழியாகத்தான் பணம் போகும்.

பின் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். யூரோ நாடுகளில் தட்டிக் கட்டுவது வழக்கமாக 50 யூரோ வரைதான். அதற்கு மேல் பின் கேட்கும். ஆளில்லாத டிக்கெட் இயந்திரம் சின்னத் தொகைக்கும் கேட்கலாம். ஓடிபி வந்து காப்பாற்றும் என்று அங்கே நிற்க முடியாது. எண்ணைக் கார்டின் உறையில் பென்சிலால் எழுதி வைக்கும் ஓய்வூதியர்களை என் கவுண்டரில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அதில் ஆசிரியர்களே அதிகம், மன்னிக்கவும். கார்டு தொலைந்தால் உடனே செயலியில் பூட்டிவிட்டு வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு யாரோ எங்கோ செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. உறையில் பின் எழுதியிருந்தால் அது உங்கள் கவனக்குறைவு. அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். பாரிஸ் மெட்ரோவில் ஜேப்படி அதிகம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்டும் ஒரே பையில் இருந்தால் இரண்டு கார்டு எடுத்துப் போனதற்கே அர்த்தமில்லை.

அடுத்தது சிம். ஜெர்மன் சிம் போடுவதற்காக நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் வங்கிச் செயலி திறக்க மறுக்கும். பதிவு செய்த சிம் போனிலேயே இருக்கிறதா என்று அது பார்க்கிறது. இரண்டு சிம் போடும் போனாக இருக்கட்டும். ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டுப் போங்கள். நம்மில் பலரும் போடுவது 84 நாள் ரீசார்ஜ். நீங்கள் தங்கப் போவதோ மூன்று மாதம். 85-ஆவது நாள் செல்போன் ஊமையாகிவிடும். அந்த மூன்று மாதத்தையும் நாள் கணக்கில் எண்ணிப் பாருங்கள்: இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான நுழைவு அனுமதியான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் தங்கலாம். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் என்று முழுதாக இருந்தால் 92 ஆகிவிடும்.

ஒன்றரை லட்சம் வரம்பு போதுமா என்றால், போதும், ஆனால் விடுதிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அறைக்குள் போகும்போதே ஒரு தொகையை உங்கள் வரம்பிலிருந்து நிறுத்திவைப்பார்கள். அது செலவு இல்லை. காலி செய்த பிறகு விடுவிக்கப்படும், சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களில் அடுத்த விடுதியும் இன்னொரு தொகையை நிறுத்திவைத்தால் ஒன்றரை லட்சம் சுருங்கிவிடும். ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் இருக்கும் பணமே முடங்கும், ஆகவே விடுதிக்கு விசாதான். உணவகங்களில் பெரும்பாலும் இயந்திரத்தை உங்கள் மேசைக்கே கொண்டுவருவார்கள். கார்டைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. அன்பளிப்பு கொடுப்பதானால் ஜெர்மனியில் தட்டுவதற்கு முன்பே மொத்தத் தொகையை வாயால் சொல்லிவிட வேண்டும். பதினெட்டரை யூரோ பில்லுக்கு இருபது என்றால் இருபது போட்டுக்கொள்வார்.

மூன்று மாதத்தில் மூன்று பில் வரும். முழுத் தொகையும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். உங்கள் கணக்கும் பில்லும் சில ரூபாய் ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். தட்டிய நாளின் விகிதம் வேறு, ஓரிரு நாள் கழித்துக் கணக்கு முடியும் நாளின் விகிதம் வேறு.

திரும்பி வரும்போது மிச்சமிருக்கும் நோட்டுகளை 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம், மகளைப் பார்க்க மறுபடியும் போகாமலா இருப்பீர்கள். ஃபாரெக்ஸ் கார்டில் உள்ளதை ரூபாயாக மாற்றிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நாணயங்களை மட்டும் இங்கே எந்தப் பணமாற்றுக்காரரும் வாங்க மாட்டார். கடைசி வாரத்தில் ரொட்டிக் கடையில் தீர்த்துவிடுங்கள். தீராவிட்டால் மகள் வீட்டில் ஒரு உண்டியல் வைத்து அதில் போட்டுவிட்டு வாருங்கள்.